குழாய்த் தண்ணீரும் தொட்டிக்குள் இருக்கிற மாமாவும்

என் தங்கச்சி பெற்ற மகளே, தங்கமே, தர்சி மனே,

மாமா எழுதுகிறேன். சுகமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். இருந்தாலும் சுகம் கேட்காமல் ஒரு கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் தண்ணீர் எப்படி, கிணறா, குழாயா? குழாய் என்றால் பிடித்த கையோடு எதற்கும் ஊற்றிவிடாதே, ஒரு நாள் ஆறவிடு. இதை உனக்கே நான் சொல்லித் தருகிறேன் பார். உலகம் எவ்வளவு தலைகீழாகப் போய்விட்டது!

உன் ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறோம். உன்னோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்த பிள்ளைகள் கண்ணீர்க் கவிதை தந்திருக்கிறார்கள். கோயில் தலைவர் விருத்தம் ஒன்று எழுதித் தந்தார், அதில் உன் பெயரைத் தவிர வேறொன்றும் எனக்கு விளங்கவில்லை. தாய்மாமனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். ஒரு பக்கம் யாருக்குப் போதும்? இரண்டு பக்கம் கூடினால் அச்சுக்காரனுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், அவனுக்கு அச்சுத் தொழில் பழக்கியதே நான்தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றதற்குக் காரணம், அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை என்பதுதான். களுவாஞ்சிக்குடி முழுக்க இதை நம்புகிறது. நீ மட்டும்தான் குசினிக்குள் இருந்து சத்தம் போடுவாய். "மாமா, புளுகாதீங்க! கணக்கு வாத்தியார்ர சைக்கிள் காத்தத் திறந்துவிட்டுட்டு ஓடினதாம், அம்மா சொன்னவ."

அந்தச் சத்தத்தைத்தான் ஒரு வருசமாகத் தேடுகிறேன்.

சரி, மாமாவைப் பற்றிச் சொல்ல வந்தேன். என்னைப் பற்றி இல்லை, மற்ற மாமாவைப் பற்றி. மலரைப் படிக்கிறவர்கள் குழம்பக்கூடாது என்பதற்காக அவர் யார் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

உன் வீட்டு ஹோலில், யன்னலுக்குப் பக்கத்தில், நீ முதல் சம்பளத்தில் வாங்கின கண்ணாடித் தொட்டி. அதற்குள் கொஞ்சம் கப்பி மீன், ஒரே ஒரு பெரிய தங்கமீன். அந்தத் தங்கமீனுக்கு நீ வைத்த பெயர் மாமா. "ஏன் புள்ள இதுக்கு எண்ட பேர்?" என்று நான் கேட்டதற்கு நீ சொன்னாய், "பாருங்களன், வாய் மூடுறதே இல்ல. ஆனா சத்தம் வராது. அந்த ஒரு குணத்தில உங்கள விட நல்லவர்." உன் அம்மா சிரித்துச் சிரித்துச் சோற்றை அடிப்பிடிக்க விட்டாள். நானும் கோபித்துக்கொண்டு போய்விட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்துவிட்டேன். ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, கோபித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்?

சனிக்கிழமை வந்தால் நீ அந்த நீலப் பேசினை எடுத்துக் குழாயடியில் வைப்பாய். வாய் அகன்ற பேசின். அதை நிரப்பிக் கொல்லைப்புறத்தில் வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் அரிசி அளக்கிற சுண்டால் அள்ளி அள்ளி உயர இருந்து ஊற்றுவாய். பார்க்கிறவர்கள் தேத்தண்ணி ஆற்றுகிறாய் என்று நினைப்பார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைக் குழாய் வழியாக இந்த ஊருக்குக் கொண்டுவந்தவனே நான். அந்தக் காலத்தில் கையில் மண்வெட்டியோடு உன்னிச்சையில் இருந்து நடந்து வந்தேன், எனக்குப் பின்னால் குழாய் வந்தது. அப்படிப்பட்ட தண்ணீரை ஒரு மீனுக்கு ஆகாது என்றால் எப்படி இருக்கும்?

"மாமா, எங்கட கேற்றடியில மட்டும்தான் நீங்க குழாய் பதிக்கக் கான் வெட்டின. அதுவும் கோணல். குழாய் இண்டைக்கும் அந்த இடத்தில வளைஞ்சுதான் போகுது."

"அது சரி புள்ள, மனுசன் குடிக்கிற தண்ணி மீனுக்கு ஏன் ஒண்ணா?"

"நீங்க வயித்துக்குக் குடிக்கிறீங்க. அது அதுக்குள்ள மூச்சு விடுது. கிருமியச் சாகடிக்கத்தான் தண்ணிக்குக் குளோரின் போடுறாங்க. அது மீனிட செவுளுக்குள்ள இருக்கிற மூச்சு விடுற பூவச் சுட்டுப்போடும். தொட்டிக்குள்ள அழுக்கத் தின்னுற நல்ல கிருமியும் இருக்கு, அதையும் சாகடிச்சிடும். மறுகா மீன் தண்ட அழுக்கிலயே செத்துப்போகும்."

அப்போது நான் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த நாளே சந்தையில் நின்று இதை என் கண்டுபிடிப்பாகச் சொன்னேன். நீ சொன்ன மற்றதெல்லாம்கூட எனக்கு மனப்பாடம். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் காற்றோடு போய்விடும், ஆற்றிவிட்டால் இன்னும் கெதியாகப் போகும். சில ஊர்களில் வேறு விதமான மருந்து போடுவார்கள், அது எவ்வளவு நேரம் நின்றாலும் போகாது, அதற்கு வளர்ப்பு மீன்கடையில் விற்கிற துளிமருந்துதான் வேண்டும். துளியையும் கண்டபடி ஊற்றக்கூடாது, போத்தலில் போட்டிருக்கிற அளவுதான். முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றக்கூடாது, கால்வாசி போதும். வடிகட்டிக்குள் இருக்கிற பஞ்சைக் குழாயடியில் கழுவினால் நீ கத்துவாய். தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணீரில்தான் அதை அலம்ப வேண்டும். மிச்சப் பழைய தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போகும். அந்தக் கறிவேப்பிலை இப்போது என் உயரத்துக்கு நிற்கிறது. சரி, என் தோளுக்கு. கத்தாதே.

போன மாரிக்கு உனக்கு வந்தது காய்ச்சல். அதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு நீ இரத்தம் எடுத்துச் சோதித்து டெங்கு இருக்கிறது, இல்லை என்று சொன்னவள். உனக்கு எடுக்க வந்த பிள்ளை நரம்பைத் தேடித் தேடி ஊசியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். "பயப்படாத கா, எனக்கு நோகாது" என்று நீதான் அவளுக்கு ஆறுதல் சொன்னாய். அதுவரைக்கும் எழுதுகிறேன். அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ போன பிறகு உன் அம்மா தண்ணீரைத் தேடத் தொடங்கினாள். நாய்க்கு வைத்த சட்டி, பூச்சாடிக்குக் கீழே இருந்த தட்டு, ஒரு சிரட்டை, வாழை மடலுக்குள் நின்ற நாலு சொட்டு மழைத் தண்ணீர், எதையும் விடவில்லை, எல்லாவற்றையும் கவிழ்த்தாள். சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. ஐயா, வளவு பார்க்க வந்தவர், சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, இப்பிடியொரு வளவ நான் கண்டதில்ல" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். உன் அம்மா கையில் இருந்த சிரட்டையைக் கவிழ்த்து வைத்தாள். "நேரத்தோட வந்திருக்கலாமே தம்பி" என்று மட்டும் சொன்னாள். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

தொட்டியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஹோலில் சுவரோரமாக நடந்தாள். ஒரு நாள் எனக்குச் சோறு போட்டுவிட்டு நின்றபடியே சொன்னாள்.

"அண்ணன், அந்தத் தொட்டியையும் கொண்டு போங்க. இல்லாட்டி வாவியில ஊத்திவிடுங்க."

"இது நல்ல தண்ணி மீன் பிள்ள. வாவித் தண்ணி உப்பு, செத்துப்போகும்."

"தேங்கி நிக்கிற தண்ணி இந்த வீட்டில ஒண்ணா."

"மீன் இருக்கிற தண்ணியில நுளம்பு பெருகாது. புழுவெல்லாத்தையும் தின்னுபோடும். தர்சி சொல்லுவாளே..."

உன் பெயரைச் சொல்லியிருக்கக்கூடாது. அவள் கறிச்சட்டியை மூடினாள். "முப்பத்தொண்டு முடியட்டும். மறுகா அது இஞ்ச இருக்கக் கூடாது" என்றாள்.

தொட்டி போனால் எனக்கு என்ன நட்டம் என்று நீ கேட்கலாம். நான் மீன் வளர்க்கிறவன் இல்லை, மீன் தின்கிறவன். ஆனால் மனே, அந்த வீட்டில் நீ தொட்டு வளர்த்து இன்னும் உயிரோடு அசைகிறது அது ஒன்றுதான். அதையும் வெளியே தூக்கிவிட்டால் உன் அம்மா எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள்? கவிழ்த்து வைத்த சட்டிகளையா?

அதனால் முப்பத்தோராம் நாள் வருவதற்குள் மீனைத் தெம்பாக்கிக் காட்டிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். நீ படுத்த நாளில் இருந்து தண்ணீர் மாற்றவில்லை. தொட்டி கலங்கி, பக்கத்தில் போனால் மணத்தது. துளிமருந்துப் போத்தலைத் தேடி எடுத்தேன், காலி. சரி, ஆறவைப்போம் என்று நீலப் பேசினை நிரப்பிக் கொல்லையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் போய்ப் பார்த்தால் பேசின் குப்புறக் கிடக்கிறது.

மறுபடி நிரப்பி என் வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள் வைத்தேன். குப்புறக் கிடந்தது. கோழிக்கூட்டின் கூரையில் ஏற்றி வைத்தேன். கோழி நனைந்தபடி என்னிடம் முறைப்பாடு சொல்ல வந்தது. உன் அம்மா எப்போது வருகிறாள், எப்போது போகிறாள் என்று பிடிக்க முடியவில்லை. இராணுவத்தையே ஏய்த்துவிட்டு வாவியைத் தாண்டியவன் நான், தங்கச்சியிடம் தோற்றேன்.

"பிள்ள, ஒரு நாளைக்குத்தானே வைக்கிறன். நுளம்பு முட்ட போட்டுப் பறக்க ஒரு கிழமையாவது வேணும்."

"கிழமக் கணக்க எனக்குச் சொல்லாதீங்க அண்ணன். ஒரு கிழமதான் அவளும் படுத்துக் கிடந்தவள்."

நீ வைத்த பெயருக்கு ஏற்ற மாதிரி நான் நடந்தது அன்றைக்குத்தான். வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

அதற்குள் வெள்ளம் வந்தது. நீ இருந்திருந்தால் பார்த்திருப்பாய், என் கழுத்து மட்டுக்கு நின்றது. முழங்கால் என்று யாராவது சொன்னால், அவர்கள் மேட்டில் நின்று பார்த்திருப்பார்கள். உன் அம்மாவின் வீட்டுப் படிக்கட்டில் முட்டிவிட்டு உள்ளே வராமல் திரும்பிவிட்டது. பட்டினத்து மீன்கடைக்குள் தண்ணீர் புகுந்து அவ்வளவு மீனும் வாவிக்குள் போய்விட்டதாம். இப்போது தோணிக்காரர்கள் வலை இழுத்தால் இறாலோடு இறாலாகத் தங்கமீன் மின்னுகிறது என்று கேள்வி. உப்பில் அது எப்படி இருக்கும் என்று கேட்காதே. கதைக்கு உப்புப் படாது.

கடை பூட்டு, அதனால் துளிமருந்துக்கும் வழியில்லை. எங்கள் ஒழுங்கையில் தென்னை ஒன்று வயரின் மேல் விழுந்து கரண்டும் இல்லை. தொட்டிக்குள் காற்று விடுகிற இயந்திரம் நின்றுபோனது. வெள்ளம் வடிந்து ஒரு காலையில் போய்ப் பார்க்கிறேன், கப்பி எல்லாம் மேலே வந்து நிற்கின்றன. மாமா தண்ணீரின் முகட்டில் வாயை வைத்து ஆ, ஆ என்று பிளக்கிறார். வழக்கமாகப் பேசுகிற வாய் மாதிரி அது இல்லை. மூச்சுக்குக் கெஞ்சுகிற வாய். அந்த வாயை அந்த மாதத்திலேயே ஒருமுறை பார்த்துவிட்டேன் மனே. இன்னொருமுறை பார்க்க என்னால் முடியாது.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. கிணறு! குழாயில்தானே மருந்து? கிணற்றில் ஏது? கொஞ்சம் உவர்தான், என்றாலும் நாங்கள் குடித்து வளர்ந்த தண்ணீர். ஆறவும் வைக்க வேண்டாம், கவிழ்க்கவும் ஒன்றுமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பத்மாவிடம், "விஞ்ஞானம் படிச்சவங்களுக்கே இது தெரியாது" என்று சொல்லிவிட்டு ஒரு வாளி அள்ளினேன். ஹோலுக்குள் கொண்டுபோய், தொட்டியின் மூடியைத் திறந்து, வாளியைத் தூக்கினேன்.

"அண்ணன்! அந்தத் தண்ணிய ஊத்தாதீங்க!"

சத்தியமாகச் சொல்கிறேன், நீ என்று நினைத்தேன். அதே குசினி, அதே சத்தம். வாளி என் காலில் விழுந்தது. பெருவிரல் நகம் இன்றைக்கும் கறுப்பாகத்தான் இருக்கிறது. இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

உன் அம்மா தேங்காய்ப் பாதியோடு வாசலில் நின்றாள்.

"முந்தநாள் சுகாதாரத்தாக்கள் வந்து கிணத்துக்குள்ள குளோரின் கொட்டிட்டுப் போன. வெள்ளம் பூந்த கிணறெல்லாத்துக்கும் போட்ட. மறந்துபோச்சா? நீங்கதானே முன்னுக்கு நிண்டு, எங்கட கிணறு ஆழம், இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க எண்டு சொன்ன!"

குனிந்து மணந்து பார்த்தேன். குழாய்த் தண்ணீரை விட மூக்கில் ஏறியது. இரண்டு கரண்டி கூடுதலாகப் போட வைத்தவன் நான்தான். சொல்கிறவன் சொன்னால் அவர்களும் போட்டுவிடுவதா?

நிலமெல்லாம் தண்ணீர். அவள் தேங்காயை வைத்துவிட்டுத் துடைக்க வந்தாள். துடைத்துக்கொண்டே வந்தவள் தொட்டிக்கு முன்னால் நிமிர்ந்தாள். நீ போன பிறகு அவள் அந்தக் கண்ணாடியை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான்.

"இது ஏன் இப்பிடி வாயப் பொளக்குது?"

"மூச்சு முட்டுது பிள்ள."

அவள் துணியைத் தோளில் போட்டுவிட்டுக் குனிந்தாள். பிறகு "மாமா" என்றாள். என்னை இல்லை. நீ கூப்பிடுகிற மாதிரி, கண்ணாடியில் விரல் வைத்து, மெதுவாக. எனக்கு ஓடிப்போய் எங்கேயாவது நின்று அழ வேண்டும்போல இருந்தது, ஆனால் கால் நோவு.

அவள் சுண்டை எடுத்தாள். தொட்டித் தண்ணீரையே அள்ளி, கொஞ்சம் உயரத்தில் இருந்து மெல்லிய நூலாக அதற்குள்ளேயே விழவிட்டாள். அள்ளுவாள், விடுவாள். காற்றுப் போக வேண்டுமாம். கை நோகும்போது சுண்டு என்னிடம் வரும். நான் விட்டால் மீன் அதிர்கிறது என்று திரும்ப வாங்கிக்கொள்வாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பி கீழே இறங்கியது.

"இது காணாது. தண்ணி மாத்தோணும். கால்வாசிதான், முழுக்க மாத்தினா அதுக்குத் தாங்காது."

"உனக்கு எப்பிடிப் பிள்ள தெரியும்?"

"ஒவ்வொரு ஞாயிறும் அவள் தண்ணி மாத்துறதப் பாத்துக்கொண்டுதானே சமைச்ச நான்."

பிறகு நீலப் பேசினை அவளே எடுத்தாள். அவளே குழாயடியில் நிரப்பினாள். வெள்ளத்துக்குப் பிறகு குழாயிலும் மருந்து கூட்டித்தான் விடுகிறார்கள் போல, தண்ணீர் வெள்ளையாகப் பொங்கி வந்தது. கொல்லையில் கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அகன்ற பேசின், திறந்த வாய், அசையாத தண்ணீர். அவளுடைய இரண்டு கையும் பேசினின் விளிம்பில் இருந்தன. கவிழ்க்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பயத்துக்கு எதிராகப் பேச நான் யார்?

கையை எடுத்தாள். உள்ளே போனாள். வரும்போது சட்டைக்கு மேலே போர்க்கிற உன் மஞ்சள் சோல் துணியைக் கொண்டுவந்தாள்.

ஆசுபத்திரிக்குப் போன அன்று நீ போர்த்திக்கொண்டு போனது. உன்னுடைய மற்ற உடுப்பெல்லாம் தோய்த்துக் கொடுத்துவிட்டாள், அதை மட்டும் தோய்க்கவில்லை. தலையணைக்குள் மடித்து வைத்திருந்தாள். ஏன் என்று எனக்குத் தெரியும், நான் கேட்டதில்லை. தலை வைக்கும்போது நீ வருவாய், அதற்காக.

அதை விரித்துப் பேசினின் வாயில் போட்டாள். உடுப்புக் கொடியைக் கழற்றிச் சுற்றிக் கட்டினாள். மேளத்துக்குத் தோல் கட்டுவது போல ஒவ்வொரு பக்கமாக இழுத்தாள். சுருக்கம் ஒன்றும் மிச்சமில்லாமல் விரலால் தடவிப் பார்த்தாள்.

"காத்துப் போகும். நுளம்பு போகாது. பாருங்க அண்ணன், எங்கயாவது இடம் இருக்கா?"

"ஒரு பூச்சிக்கும் இடமில்ல பிள்ள."

அன்று பகல் முழுக்க அவள் அந்தப் பேசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நானும் இருந்தேன். சோல் வெயிலில் காய்ந்தது, தண்ணீரின் ஈரத்தில் நனைந்தது, மறுபடி காய்ந்தது. அதில் இருந்து மருந்து மணம் வந்தது. பிறகு அதுவும் குறைந்தது. குளோரின் போன வழியில் உன் மணமும் போய்விட்டதா மனே? உன் அம்மா அதை அறிந்தா கட்டினாள்? அறிந்துதான் கட்டினாள் என்று நினைக்கிறேன். கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

வெயில் சாய்கிற நேரம் அவள் சொன்னாள். "ஏதாவது சொல்லுங்க அண்ணன். சும்மா இருக்க ஒண்ணாமக் கிடக்கு."

எனக்கு என்ன வரும்? தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறோம், தண்ணீர்க் கதைதான் வந்தது. உன்னிச்சைக் குளத்துக் கட்டில் நான் தனியாக நின்றதையும், அங்கே இருந்து மண்வெட்டியோடு நடந்ததையும், எனக்குப் பின்னால் குழாய் வந்ததையும் சொன்னேன். வழியில் ஒரு யானையையும் சேர்த்தேன். யானை குழாயின் மேல் கால் வைக்கப் போனது, நான் அதன் காதைப் பிடித்து...

"புளுகாதீங்க அண்ணன்" என்றாள் உன் அம்மா.

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். நானும்தான். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். சத்தம் போட்டு, மூச்சு விட்டு விட்டு, உன் செத்த வீட்டில்கூட அழாத மாதிரி அழுதாள். நான் யானையை அப்படியே வழியில் நிறுத்திவைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

மறுநாள் காலை சோலை அவிழ்த்தாள். முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தாள், பிறகு தொட்டிக்குள் விட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒரே சூடு இருக்க வேண்டுமாம். உன்னை முதல்முதல் குளிப்பாட்டினபோதும் அவள் அப்படித்தான் முழங்கையை விட்டுப் பார்த்தாள், நான்தான் வெந்நீர் வாளி தூக்கிக்கொண்டு நின்றேன். இது புளுகு இல்லை. கால்வாசியை ரியூப்பால் இழுத்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றினோம். பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலம்பினோம். புதுத் தண்ணீரைச் சுண்டு சுண்டாக, கண்ணாடியோரமாக வழியவிட்டாள்.

கப்பியில் சிலது செத்துப்போனது, ஒளிக்காமல் சொல்கிறேன். மாமா பிழைத்துவிட்டார். நாலைந்து நாள் மூலையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தார், பிறகு பசியில் வெளியே வந்தார். குணம் முழுக்க என்னுடையது.

முப்பத்தொன்று முடிந்தது. வந்தவர்கள் எல்லாம் போன பிறகு நான் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, "எங்க பிள்ள கொண்டு போக?" என்று கேட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "எண்ட மீன எங்க கொண்டு போகப் போறீங்க?" என்றாள்.

இப்போது கரண்ட் இருக்கிறது, கடை திறந்துவிட்டார்கள், துளிமருந்துப் போத்தலும் வாங்கி வைத்திருக்கிறேன். என்றாலும் சனிக்கிழமை வந்தால் பேசின் நிரம்புகிறது, மஞ்சள் சோல் ஏறுகிறது. இப்போது அதைத் தோய்த்துக் காயப்போடுகிறாள். கொடியில் ஆடும்போது பார்த்தால் நீ ஆய்வுகூடத்தில் இருந்து வந்து குளிக்கப் போயிருக்கிறாய் என்று ஒரு கணம் நினைப்பேன். அந்த ஒரு கணத்துக்காகவே சனிக்கிழமை நான் வேறெங்கும் போவதில்லை.

மற்ற வளவுச் சட்டிகளை இன்னும் கவிழ்த்துத்தான் வைக்கிறாள். வைக்கட்டும், அது நல்லதுதான். இந்த வருசம் எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. அதற்கு நான் எடுத்த நடவடிக்கைதான் காரணம் என்று சந்தையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனால் சந்தையில் சொல்வதில் ருசி இல்லை தர்சி. எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். பாவம், ஆளை இழந்தவன் என்று தலையை ஆட்டிக்கொண்டு நம்புகிறார்கள். பொய் சொல்லி முடித்துவிட்டு நான் ஒரு பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், நீ இருக்கிற பக்கம். அந்தப் பக்கத்தில் வாழைக்குலைக் கடைதான் இருக்கிறது.

உன் அம்மா சில நாள் பிடிக்கிறாள். சில நாள் விட்டுவிடுகிறாள். நீ ஒன்றையும் விட்டதில்லையே. நான் இத்தனை வருசம் கதை கதையாகக் கட்டியது ஊருக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் நீ வந்து பிடிப்பதற்குத்தானா? அங்கே இருந்து இப்போதும் கேட்கிறதா? கேட்டால், எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன் தொட்டிக்கு ஆறாத தண்ணீர் ஒரு சுண்டும் ஊற்ற மாட்டேன். மூடிக் கட்டாத பேசின் இந்த வளவில் இருக்காது. உன் அம்மாவுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பேசினடியில் ஒரு புதுப் பொய் சொல்வேன். யானை வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். அந்த இடம் உன்னுடையது. அவள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், உனக்கு ஒரு மூச்சு விட்டுத்தான் கதையைத் தொடர்வேன்.

இப்படிக்கு,
தொட்டிக்கு வெளியே இருக்கிற
உன் மாமா.